பால் பல் உடைந்தால் முதலில் நிறத்தைப் பாருங்கள்

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூர் கூத்தப்பாக்கத்தில் எங்கள் வீடு. ஒரு வயது பத்து மாதம் ஆன என் மகன் கையில் எவர்சில்வர் டம்ளரோடு கூடத்திலிருந்து சமையலறைக்கு ஓடி வந்தான். அப்போதுதான் தரை துடைத்திருந்தேன், டைல்ஸ் ஈரம் காயவில்லை. வழுக்கியதும் டம்ளர் முதலில் தரையில் மோதியது, அதன் விளிம்பில் அவன் வாய் மோதியது. தூக்கிப் பார்த்தால் உதடு முழுக்க ரத்தம். துடைத்த பிறகு பார்த்தேன், மேல் வரிசையில் நடுப் பல் ஒன்றின் மூலையைக் காணோம்.

அத்தை ஓடி வந்து பார்த்துவிட்டு, "பால் பல்லுதானேம்மா, ஆறு வயசுல தானா விழப்போவுது. ஒண்ணும் ஆவாது, வுடு" என்றார். என் கணவர் அதற்குள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஜிப்மருக்குக் கிளம்பி நின்றார். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கும் அதற்குப் பிறகும் பல் டாக்டரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, அந்தக் காலை நேரத்தில் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருக்க வேண்டுமோ அப்படி எழுதுகிறேன்.

பல் உடைந்துவிட்டது என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் மூன்று விதமான காயங்கள் இருக்கின்றன. போன துண்டு பெரிதா சிறிதா என்பது அவ்வளவு முக்கியமில்லை. உடைப்பு எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது என்பதுதான் முக்கியம். அந்த ஆழத்தை ஓரளவுக்கு வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். உடைந்த இடத்தின் நிறமே சொல்லிவிடும்.

பல்லின் மேலே இருப்பது எனாமல். உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். வெள்ளையாக இருக்கும், அதற்கு உணர்ச்சி கிடையாது. அதற்குக் கீழே டென்டின், இளமஞ்சள் நிறம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழாய்கள் அதில் நிறைந்திருக்கும், அவை உள்ளே உயிரோடு இருக்கும் பகுதி வரைக்கும் போகும். அதனால்தான் டென்டின் திறந்துவிட்டால் குளிர்ந்த தண்ணீரும் இனிப்பும் கூசும். எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது பற்கூழ். ரத்தக் குழாயும் நரம்பும் அங்கேதான் இருக்கின்றன. சிவப்பாகவோ ரோஜா நிறத்திலோ தெரியும்.

நிலைப் பல்லுக்கும் இதே மூன்று அடுக்குதான். ஆனால் பால் பல்லில் அளவுகள் வேறு. எனாமல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம்தான், பெரியவர்களின் பல்லில் இருப்பதில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். பற்கூழோ பல்லின் அளவுக்குப் பார்த்தால் பெரிது, மேற்பரப்புக்குக் கிட்டத்திலேயே இருக்கும். அதனால் நம் பல்லில் சும்மா கீறல் என்று விட்டுவிடக்கூடிய உடைப்பு, குழந்தையின் பல்லில் பாதி வழி உள்ளே போயிருக்கக்கூடும். பார்க்கச் சின்னதாக இருக்கிறதே என்று நான் நினைத்த மூலையில் டென்டின் திறந்துதான் இருந்தது.

பல்லைப் பார்ப்பதற்கு முன்

விழுந்த குழந்தையின் வாயைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்போம், ரத்தம் அங்கேதான் தெரிகிறது. ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது தலை. விழுந்ததும் நினைவு தப்பியதா, திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறதா, எழுப்ப முடியாத தூக்கமா, காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர் மாதிரி வடிகிறதா, நடை தள்ளாடுகிறதா, வலிப்பு வந்ததா? இதில் ஒன்று இருந்தாலும் பல்லை அப்படியே விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். பல் டாக்டர் அப்புறம்.

அடுத்தது, உடைந்த துண்டு எங்கே என்பது. இதை யாரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை. துண்டு மூன்று இடத்துக்குப் போகலாம். வயிற்றுக்குப் போயிருந்தால் பெரும்பாலும் தொந்தரவு இல்லாமல் மலத்தோடு வந்துவிடும். மூச்சுக் குழாய்க்குள் போயிருந்தால் அது ஆபத்து. விழுந்த பிறகு விடாமல் இருமினாலோ, மூச்சில் விசில் மாதிரி சத்தம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மூன்றாவது இடம் உதடு. உதடு கிழிந்து, பல்லும் உடைந்து, துண்டும் கிடைக்கவில்லை என்றால் அது உதட்டின் சதைக்குள்ளேயே பொதிந்திருக்கலாம். டாக்டரிடம் இதை நீங்களாகவே சொல்லுங்கள், உதட்டுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் துண்டு தரை துடைத்த துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அரிசி நொய் அளவுதான். ஒரு சின்ன டப்பாவில் பால் ஊற்றி அதில் போட்டுக் கொண்டுபோனோம். சில சமயம் அதையே ஒட்டவும் முடியும் என்று டாக்டர் சொன்னார். ஒட்ட முடியாவிட்டாலும், துண்டு குழந்தைக்குள்ளே இல்லை என்று உறுதியாகத் தெரிந்ததே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

பிறகு ரத்தம். வாயில் வரும் ரத்தம் எச்சிலோடு கலந்து, இருப்பதைப் போல மூன்று மடங்காகத் தெரியும். சுத்தமான ஈரத்துணியை மடித்து அந்த இடத்தில் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. உதட்டுக்கு வெளியே, துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் சின்னச் சவ்வு ஒன்று உண்டு. குழந்தைகள் குப்புற விழும்போது அடிக்கடி அது கிழியும், பயமுறுத்தும் அளவுக்கு ரத்தம் வரும். பெரும்பாலும் தையல் இல்லாமலே ஆறிவிடும். ஆனால் உதட்டைத் தூக்கித் தூக்கி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தால் ஆறிய இடமே மறுபடி கிழியும். எங்கள் தெருவில் பார்க்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர், அத்தனை பேரிடமும் நான் உதட்டைத் தூக்கிக் காட்டவில்லை என்பதை இப்போது நினைத்தால் நல்லதாகப் போயிற்று.

காப்பித்தூள், மஞ்சள்தூள், சர்க்கரை எதையும் வாய்க் காயத்தில் வைக்க வேண்டாம். கிராம்புத் தைலமும் கூடாது. பெரியவர்களின் பல்வலிக்கு அதைப் பஞ்சில் தொட்டு வைப்பது நமக்குப் பழக்கம். ஆனால் இரண்டு வயதுக் குழந்தை கொஞ்சம் விழுங்கிவிட்டாலும் அது விஷமாகிவிடும், ஈறையும் புண்ணாக்கும். பல் முளைக்கும்போது தடவுகிறோமே, அந்த மரத்துப்போக வைக்கும் ஜெல்லிலும் பென்சோகெய்ன் இருந்தால் இரண்டு வயதுக்குள் கூடாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் வேலையையே அது கெடுத்துவிடக்கூடும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். அதிலும் ஒரு கவனம் வேண்டும். கடையில் கிடைக்கும் பாட்டில்கள் ஒரே பலத்தில் இருப்பதில்லை. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளது ஒன்று, 250 உள்ளது இன்னொன்று, சொட்டு மருந்து அதைவிடவும் அடர்த்தி. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எத்தனை மில்லி கொடுத்தார்கள் என்பது நமக்கு உதவாது. குழந்தையின் எடையைச் சொல்லி, பாட்டிலையும் காட்டி, டாக்டரிடமோ மருந்துக் கடையிலோ அளவு கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

எப்படிப் பார்ப்பது

அழுகிற குழந்தையின் வாயைத் திறந்து பார்ப்பது லேசான வேலை இல்லை. பல் டாக்டர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள், வீட்டிலும் செய்யலாம். இரண்டு பெரியவர்கள் எதிரெதிரே முட்டியோடு முட்டி இடிக்க உட்கார வேண்டும். குழந்தையை அம்மா தன்னைப் பார்த்த மாதிரி இடுப்பில் கால் போட்டு உட்கார வைத்து, அப்படியே பின்பக்கமாகச் சாய்க்க வேண்டும். தலை எதிரில் இருப்பவர் மடியில் போய்ப் படுக்கும். குழந்தைக்கு அம்மா முகம் தெரிந்துகொண்டே இருக்கும், கைகள் அம்மா கையில் இருக்கும். எதிரில் இருப்பவர் செல்போன் டார்ச்சில் வாயைப் பார்க்கலாம். அழுதால் இன்னும் நல்லது, வாய் தானாகத் திறக்கும். என் கணவர் மடியில் தலையை வைத்து அரை நிமிடத்தில் பார்த்துவிட்டோம். அதே நேரத்தில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டால், பல் டாக்டருக்கு அனுப்ப உதவும், மறுபடி மறுபடி வாயைத் திறக்கவும் வேண்டாம்.

உடைந்த இடத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பாருங்கள். உடைந்த முகம் முழுக்க வெள்ளையாக, சொரசொரப்பாக இருந்தால் எனாமல் மட்டும்தான் போயிருக்கிறது. இதற்கு வலி இருக்காது. கூரான முனை நாக்கையும் உதட்டையும் கிழிக்காமல் இருக்க, பல் டாக்டர் அதை நைசாகத் தேய்த்துவிடுவார். இரண்டு நிமிட வேலை. சில நாளில் போனாலும் பாதகமில்லை.

வெள்ளை விளிம்புக்கு நடுவில் மஞ்சள் தெரிந்தால் டென்டின் திறந்திருக்கிறது. அந்த நுண்குழாய்கள் வழியாகக் கிருமி உள்ளே போகாமல் மூட வேண்டும். கிளாஸ் ஐயனாமர் என்ற சிமென்டாலோ, பல் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட்டாலோ மூடுவார்கள். ஓரிரண்டு நாளுக்குள் காட்டிவிடுவது நல்லது. அதன் பிறகு ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ஒரு முறை கூப்பிட்டுப் பார்ப்பார்கள்.

மஞ்சளுக்கு நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, துடைத்தால் மறுபடி அதே புள்ளியிலிருந்து ரத்தம் கசிகிறது என்றால் பற்கூழ் வெளியே தெரிகிறது. அன்றைக்கே போக வேண்டும். இங்கேதான் பலருக்கும் குழப்பம் வரும், ஈறிலிருந்து வழியும் ரத்தமும் பல்லின் மேல்தான் நிற்கும். துடைத்துவிட்டு ஐந்து நொடி காத்திருந்து, ரத்தம் பல்லின் நடுவிலிருந்து முளைக்கிறதா, ஈறின் ஓரத்திலிருந்து இறங்குகிறதா என்று பாருங்கள். பற்கூழ் திறந்த பால் பல்லையும் காப்பாற்ற முடியும். கூழின் மேல்பகுதியைக் கொஞ்சம் எடுத்துவிட்டு மருந்து வைத்து மூடுவார்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று, குழந்தை எவ்வளவு ஒத்துழைக்கிறது, வேர் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சில சமயம் எடுத்துவிடுவதே நல்லது என்றும் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், ஆனால் மனம் உடைய வேண்டாம். கோரைப் பற்கள் முளைத்த பிறகு முன்பல் ஒன்று போவதால் பொதுவாகப் பல் வரிசையில் இடம் சுருங்குவதில்லை. பேச்சும் பழகிவிடும்.

உடைந்ததா, உள்ளே போனதா

இதை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது கண்ணை ஏமாற்றும். பக்கத்துப் பல்லைவிட ஒரு பல் குட்டையாகத் தெரிந்தால் அது உடைந்துதான் இருக்க வேண்டும் என்று இல்லை. பல் அப்படியே முழுசாக ஈறுக்குள் இறங்கியிருக்கலாம். மூன்று வயதுக்குள் எலும்பு இன்னும் இளசு, பதமான களிமண் மாதிரி வளைந்து கொடுக்கும். நமக்கு அடிபட்டால் பல் உடைகிற இடத்தில், குழந்தைக்குப் பல் அசைந்து இடம் மாறிவிடும். பால் பற்களில் உடைப்பைவிட இந்த இடப்பெயர்ச்சிதான் அதிகம்.

கண்டுபிடிக்கும் வழி, பல்லின் நுனி விளிம்பைப் பார்ப்பது. விளிம்பு எப்போதும் போல வழவழப்பாக, முழுசாக இருந்து, பல் மட்டும் குட்டையாகத் தெரிந்தால் உள்ளே போயிருக்கிறது. விளிம்பே சொரசொரப்பாக இருந்தால் உடைந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தும் நடக்கலாம். உள்ளே போன பல்லை வீட்டில் பிடித்து இழுக்கவே கூடாது. அதைப் பெரும்பாலும் டாக்டர்களும் இழுப்பதில்லை. தானாகவே கீழே இறங்கி வர விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் வந்துவிடும், சிலருக்கு ஒரு வருடம் வரைக்கும் ஆகும்.

பல் முன்னாலோ பின்னாலோ சாய்ந்து, குழந்தையால் வாயை மூடிக் கடிக்க முடியவில்லை என்றாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். வேரோடு முழுப் பல்லும் வெளியே வந்து விழுந்துவிட்டால்? நிலைப் பல் என்றால் அதைத் தண்ணீரில் லேசாக அலசி உடனே குழியில் பொருத்துவதுதான் சரி, முடியாவிட்டால் பாலில் போட்டு ஓட வேண்டும். பால் பல்லுக்கு இது பொருந்தாது. பால் பல்லைத் திரும்பக் குழியில் செருகக் கூடாது. உலக அளவில் பல் காயங்களைக் கவனிக்கும் டாக்டர்களின் சங்கம் 2020-இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. காரணம், கீழே காத்திருக்கும் நிலைப் பல்.

"விழப்போற பல்லுதானே" என்று அத்தை சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பதிலும் அந்த நிலைப் பல்தான். மேல் முன்பால்பல்லின் வேர் முனைக்குப் பின்னால், சில மில்லிமீட்டர் தூரத்தில், ஏழு வயதில் வரப்போகும் பல் அப்போதே உருவாகிக்கொண்டிருக்கிறது. அதன் எனாமல் அந்த வயதில்தான் படிந்துகொண்டிருக்கும். மேல் பல் அடிபட்டு உள்ளே போனாலோ, பிறகு சீழ் பிடித்து நாள்கணக்கில் கவனிக்காமல் விட்டாலோ, பின்னால் வரும் பல்லில் வெள்ளைத் திட்டு, பழுப்புப் புள்ளி, சில சமயம் வடிவத்தில் குறை வரலாம். சும்மா எனாமல் மூலை உடைந்ததால் மட்டும் இப்படி ஆவதில்லை. அதனால் அத்தை சொன்னது வெள்ளைக் காயத்துக்கு ஏறக்குறைய சரி. சிவப்புக் காயத்துக்கும், உள்ளே போன பல்லுக்கும் அது பொருந்தாது. சாணியில் உருட்டிக் கூரையில் எறிகிற நாள் வரைக்கும் அந்தப் பால் பல்லுக்குச் சாப்பிடவும், பேசவும், நிலைப் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கவும் வேலை இருக்கிறது.

எங்கே போவது

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போன் செய்த இரண்டு கிளினிக்குகளில், இவ்வளவு சின்னக் குழந்தைக்குப் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அழுகை வந்தது. குழந்தைகளுக்கென்றே படித்த பல் டாக்டர்கள் இருக்கிறார்கள், பெடோடான்டிஸ்ட் என்று கேட்க வேண்டும் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. புதுச்சேரியில் கோரிமேட்டில் ஜிப்மரிலும், அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனத்திலும் பார்க்கலாம். கடலூர் மாவட்டத்தின் தெற்கே இருப்பவர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் பல் மருத்துவக் கல்லூரி கிட்டம். புறநோயாளிகள் பிரிவு பெரும்பாலும் காலையில்தான் என்பதால் சீக்கிரமே போய் நிற்க வேண்டும். ராத்திரி நேரத்தில் ரத்தம் நிற்காவிட்டாலோ, தலையில் அடி என்று சந்தேகம் இருந்தாலோ பல் டாக்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

போகும்போது தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் அரசு அட்டவணையில் டிபிடி (ரணஜன்னியையும் தடுக்கும் ஊசி) முதல் பூஸ்டர் 16 முதல் 24 மாதத்துக்குள். என் மகனைப் போல அந்த வயதில் இருக்கும் குழந்தைக்கு அது போட்டாயிற்றா இல்லையா என்று நமக்கே நினைவு இருக்காது. மண்ணிலோ ரோட்டிலோ விழுந்த காயம் என்றால் டாக்டர் கட்டாயம் கேட்பார்.

எங்களுக்கு மறுநாள் காலைதான் பார்க்க முடிந்தது. மஞ்சள் காயம். டாக்டர் அம்மா என் எதிரே முட்டியோடு முட்டி உட்கார்ந்து, நான் மேலே சொன்ன அதே முறையில் பார்த்தார். பல்லை விரலால் தொட்டு அசைகிறதா என்று பார்த்தார், உதட்டை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துத் தடவிப் பார்த்தார். சிமென்ட் வைத்து மூட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த இரண்டு வாரம்

சாப்பாடு மிருதுவாக இருக்கட்டும். இட்லி, குழைந்த தயிர்சாதம், ஆறிய கேழ்வரகுக் கூழ். முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு, முன்பல்லால் கடித்து இழுக்க வேண்டிய எதுவும் வேண்டாம். எங்கள் பக்கம் பண்ருட்டிப் பலா வரும் காலத்தில் சுளையைச் சின்னச் சின்னதாகக் கிள்ளித்தான் கொடுக்க வேண்டும். பாட்டிலும் சூப்பானும் அடிபட்ட பல்லில் அழுத்தும், முடிந்த மட்டும் டம்ளருக்கோ கிண்ணத்துக்கோ மாற்றுங்கள்.

வலிக்கும் என்று பல் தேய்க்காமல் விடுவதுதான் நாம் செய்கிற பெரிய தப்பு. அடிபட்ட ஈறு ஆற அந்த இடம் சுத்தமாக இருந்தே ஆக வேண்டும். மென்மையான பிரஷ்ஷாலோ, பஞ்சு சுற்றிய குச்சியாலோ ஒற்றி எடுக்கலாம். ஆல்கஹால் இல்லாத குளோர்ஹெக்சிடின் திரவத்தைப் பஞ்சில் நனைத்து ஒரு வாரம், நாளைக்கு இரண்டு வேளை தடவச் சொல்வார்கள். கொப்பளிக்கத் தெரியாத வயது என்பதால் வாயில் ஊற்றக் கூடாது. மூன்று வயதுக்குள் ஃபுளோரைடு பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும்.

கொஞ்ச நாளில் பல் கறுத்துப்போகலாம். எங்களுக்கு மூன்றாவது வாரத்தில் நடந்தது. சாம்பல் நிறம். பல் செத்துவிட்டது, பிடுங்கிவிட வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கதவில் விரல் நசுங்கினால் நகத்துக்கடியில் ரத்தம் கட்டிக் கறுக்கிறதல்லவா, ஏறக்குறைய அதேதான். உள்ளே கசிந்த ரத்தத்தின் நிறம் டென்டின் குழாய்களில் ஏறுகிறது. சில குழந்தைகளுக்கு அது மாதக்கணக்கில் வெளுத்துவிடும், சிலருக்கு அப்படியே நிற்கும், சிலருக்கு மஞ்சளாக மாறும். மஞ்சளானால் உள்ளே இருக்கும் இடத்தைப் பல்லே டென்டினால் அடைத்துக்கொள்கிறது என்று அர்த்தம், கெட்டுப்போகவில்லை. நிறம் மாறியதற்காக மட்டும் எந்தச் சிகிச்சையும் தேவையில்லை.

நிறத்தைவிட ஈறைக் கவனியுங்கள். பல்லுக்கு மேலே ஈறில் பரு மாதிரி ஒரு கொப்புளம், அதிலிருந்து சீழ், உதடோ கன்னமோ வீக்கம், காய்ச்சல், ஆறிக்கொண்டிருந்த பல் திடீரென்று ஆட்டம் காண்பது, ராத்திரி வலியால் எழுந்து அழுவது. இதில் எது வந்தாலும் தொற்று என்றே நினைத்துக்கொண்டு உடனே போங்கள். ஈறுக் கொப்புளம் வலிக்காது, அதனால் மாதக்கணக்கில் தெரியாமல் இருக்கும். வாரம் ஒரு நாள் எண்ணெய்க் குளியலின்போது உதட்டை மெதுவாகத் தூக்கிப் பார்ப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். முதல் இரண்டு வாரம் முடிந்த பிறகுதான், அந்தச் சவ்வு ஆறட்டும் என்று.

விழாமலே உடைந்தால்

குழந்தை எங்கேயும் விழவில்லை, ஆனால் பல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து உடைகிறது என்று சிலர் சொல்வார்கள். அது காயம் இல்லை, சொத்தை. இனிப்புப் பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைகளுக்கு மேல் முன்பற்கள்தான் முதலில் கெடும். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு மாதிரி மங்கலான வெள்ளைப் பட்டை தெரிவதுதான் ஆரம்பம், பிறகு பழுப்பு, பிறகு உதிர்வு. அந்த வெள்ளைப் பட்டையிலேயே பிடித்தால் ஃபுளோரைடு பூச்சிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. முதல் பல் முளைத்த பிறகு, முதல் பிறந்தநாளுக்குள் ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டச் சொல்வது இதற்காகத்தான். நாங்கள் காட்டவில்லை. காட்டியிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை யாருக்குப் போன் செய்வது என்றாவது தெரிந்திருக்கும்.

ஒன்றிலிருந்து மூன்று வயது வரைக்கும்தான் பால் பல் அதிகமாக அடிபடுகிறது. ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது. எல்லா விழுதலையும் தடுக்க முடியாது. ஆனால் கையில் டம்ளரோ வாயில் ஸ்பூன், பிரஷ், குச்சி ஐஸோ இருக்கும்போது ஓட விடாமல் இருக்கலாம். அதைவிட எனக்குப் பயம் ஸ்கூட்டர்தான். குழந்தையை முன்னால் நிற்க வைத்து ஓட்டுகிறோம். ஈசிஆரில் ஒரு நாய் குறுக்கே வந்து பிரேக் போட்டால் குழந்தையின் வாய் நேராக ஹாண்டிலில் போய் மோதும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் பார்த்தால் பத்து வண்டியில் எட்டில் ஒரு குழந்தை அப்படித்தான் நிற்கிறது. நாங்கள் இப்போது நடுவில் உட்கார வைத்துக் கட்டிக்கொள்கிறோம்.

மகனுக்கு இப்போது இரண்டரை வயது ஆகப்போகிறது. சாம்பல் நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கிறது, சிமென்ட் ஒரு முறை உதிர்ந்து மறுபடி வைத்தோம். அந்த இடத்தில் நிலைப் பல் வர இன்னும் நாலைந்து வருடம் இருக்கிறது. விழுந்த தேதி, எந்தப் பல், என்ன செய்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதித் தடுப்பூசி அட்டையோடு செருகி வைத்திருக்கிறேன். அந்தப் பல் ஒரு வெள்ளைத் திட்டோடு முளைத்தால், அப்போது பார்க்கும் டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.